தோட்டத்து டிரெசரும் கைத்தொலைபேசி டாக்டரும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நோயாளியை டாக்டர் காணொளி வழியாகப் பார்த்தால் போதுமா என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய நண்பர்களில் ஒருவர், இது புதிய காலத்தின் வரப்பிரசாதம் என்றார். இன்னொருவர், இது ஏழை நோயாளியைத் தட்டிக்கழிக்கும் வழி என்றார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே இதை நேற்று முளைத்த சங்கதியாக எடுத்துக்கொண்டார்கள். நான் பண்டமாரானில் வளர்ந்தவன். டாக்டர் ஓரிடத்தில், நோயாளி வேறோரிடத்தில், நடுவில் ஒரு செய்தி போய்வர வைத்தியம் நடப்பது எங்கள் வட்டாரத்துக்கு ஏறக்குறைய நூறு வருடப் பழக்கம். ஆகவே கொஞ்சம் பின்னால் போய்ப் பேச அனுமதி கேட்கிறேன்.

கிள்ளான் பட்டணத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையில் இருக்கிறது பண்டமாரான். அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமம் என்று பலருக்குத் தெரியும். ஆனால் இந்த மண்ணின் மருத்துவ வரலாறு அதற்கும் முந்தியது. 1901-இல் ஆங்கிலேயர்கள் இங்கே போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகத்தைத் திறந்தார்கள். இன்றைய போர்ட் கிள்ளான் அதுதான். திறந்த சில வாரங்களிலேயே மலேரியாவில் ஆட்கள் விழுந்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நிலைமை போனது. அப்போது கிள்ளான் வட்டார மருத்துவராக இருந்தவர் மால்கம் வாட்சன். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் செக்கந்தராபாத்தில் கண்டுபிடித்து அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தப் புதிய அறிவை நம்பி வாட்சன் சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்டச் சொன்னார். வெட்டிய கைகள் பெரும்பாலும் கூலிகளின் கைகள். காய்ச்சல் சாவு வெகுவாகக் குறைந்தது. வெப்பமண்டல மருத்துவ வரலாற்றில் கிள்ளானின் பெயர் அப்படித்தான் ஏறியது.

வாட்சன் பட்டணத்தைக் காப்பாற்றினார். சுற்றிலும் இருந்த ரப்பர் தோட்டங்களின் கதை வேறு. அங்கே சாவு எண்ணிக்கை பெரிதாக இருந்தது. 1911-இல் தோட்டத் தொழிலாளர் சுகாதாரத்துக்கென்று ஒரு சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. தோட்டத்துக்கு ஆஸ்பத்திரி வேண்டும், மருந்து வேண்டும், ஆள் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு டாக்டரை வைக்க எந்தக் கம்பெனியும் தயாராக இல்லை. அதனால் பல தோட்டங்களுக்குப் பொதுவாக ஒரு டாக்டர், குறித்த நாளில் காரில் வந்துபோவார். மற்ற நாளெல்லாம் ஆஸ்பத்திரி என்றால் டிரெசர்தான்.

அந்த டிரெசரைப் பற்றிச் சொல்லாமல் இன்றைய தலைப்பைப் பேசவே முடியாது. இளைய நேயர்கள் அந்தச் சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுகிறவர் என்பது அதன் நேர்ப்பொருள். நடைமுறையில் அவர் ஊசி போடுவார், பல் பிடுங்குவார், பிரசவம் பார்ப்பார், யாருக்கு இன்று வேலைக்குப் போகாமல் இருக்க சீட்டு, யாருக்கு இல்லை என்றும் முடிவுசெய்வார். அந்தக் கடைசி அதிகாரத்தால் அவரைத் திட்டிய தொழிலாளிகள் நிறையப் பேர். தூரத்து வெள்ளைக்கார டாக்டரைவிட லயத்துப் பக்கத்து டிரெசருக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள்.

ஆனால் அறுவை சிகிச்சை விஷயத்தில் அவர் செய்த வேலையை யாரும் எழுதி வைக்கவில்லை. குடலிறக்கமோ குடல்வால் வீக்கமோ வந்தவரை லாரியில் ஏற்றிக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அறுத்துத் தைத்து, ஒரு வாரம் பத்து நாள் படுக்கையில் வைத்து, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள். அந்தச் சீட்டு நோயாளிக்கு அல்ல, டிரெசருக்கு. மிச்சமிருக்கும் தையலை எடுப்பது, மஞ்சள் மருந்து போட்டுக் கட்டுவது, காய்ச்சல் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஏதாவது சரியில்லை என்றால் தோட்ட ஆபீசுக்குப் போய்த் தொலைபேசியைச் சுழற்றுவார். "காயம் வீங்கியிருக்கிறது, தொட்டால் சூடு, மஞ்சளாக நீர் வருகிறது" என்று இவர் சொல்ல, அந்தப் பக்கம் டாக்டர் கேட்டுக்கொண்டு, அனுப்பு அல்லது காத்திரு என்று சொல்வார். இதுதானே நேயர்களே, தொலைமருத்துவம்? படம் மட்டும்தான் இல்லை. படத்துக்குப் பதிலாகப் பயிற்சி பெற்ற ஒரு ஜோடிக் கண்ணும், கையும், மூக்கும் நோயாளியின் பக்கத்தில் இருந்தன. இந்த மூக்கு என்ற சொல்லைத் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. போதவில்லை என்பதற்குச் சாட்சி கிள்ளானிலேயே இருக்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றவர் ஆர்.எச். நாதன், தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றியவர். சம்பள உயர்வு, கள்ளுக்கடையை மூடுவது, துரையின் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை என்று அவர்கள் வைத்த கோரிக்கைப் பட்டியலில் முறையான மருத்துவ வசதியும் ஒன்று. மே மாதத்தில் நாதனைக் கைது செய்து பின்னர் நாடு கடத்தினார்கள். பட்டாளம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். சைக்கிள் கோரிக்கையைப் பற்றி நம்மவர்கள் அடிக்கடி பேசுகிறோம். மருத்துவக் கோரிக்கையை ஏனோ தாண்டிப் போய்விடுகிறோம்.

சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கிள்ளானைச் சுற்றி ரப்பரும் செம்பனையும் இருந்த இடங்களில் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. நம் மக்கள் லயத்தை விட்டு மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்தார்கள். 1985-இல் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை லங்காட் சாலையில் திறக்கப்பட்டது. பண்டமாரானிலிருந்து அது கூப்பிடு தூரம். அறுக்கவும் தைக்கவும் நிபுணர்கள் பக்கத்திலேயே வந்துவிட்டார்கள். லாரிப் பயணம் முடிந்தது. ஆனால் டிரெசர் அடுக்குமாடிக்கு வரவில்லை. அவரோடு, காயத்தைப் பார்த்து வித்தியாசம் சொல்லத் தெரிந்த கண்ணும் வராமல் போயிற்று. அப்போது அது யாருக்கும் பெரிய இழப்பாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிதான் பக்கத்தில் இருக்கிறதே!

இதே காலத்தில் அறுவை சிகிச்சை அறைக்குள் இன்னொரு மாற்றம் நடந்தது. காணொளி மருத்துவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கைத்தொலைபேசிக்கு மாலை போடுகிறார்கள். எனக்கென்னவோ மாலை போக வேண்டிய இடம் வேறு என்று படுகிறது. 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூயே என்ற மருத்துவர் வயிற்றை அகலமாகக் கிழிக்காமல் சிறு துளை வழியாகப் பித்தப்பையை எடுத்தார். அவருடைய சக மருத்துவர்களே அதை ஏற்கவில்லை. 1987-இல் பிரான்சில் பிலிப் மூரே செய்தார். 1990-இல் பம்பாயில் தெஹெம்டன் உத்வாடியா செய்தார். பிறகு உலகமெங்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு சாண் நீளக் காயம் போய், விரல் நகம் அளவுக்கு மூன்று நான்கு துளைகள். அதோடு தானே கரைந்துபோகும் தையல் நூலும் பரவலாக வந்தது. தையல் எடுக்க ஆள் தேவையில்லை. பத்து நாள் படுக்கை இரண்டு நாளாக, சிலருக்கு ஒரே நாளாகக் குறைந்தது. காயம் சிறுத்ததால்தான் டாக்டர் தூரத்திலிருந்து பார்க்கலாம் என்ற யோசனையே வந்தது. நாம் கையில் வைத்திருக்கும் கருவி அந்த யோசனைக்குப் பிறகு வந்த வாகனம்தான்.

ஆனால் இதில் ஒரு கணக்கை யாரும் நமக்குச் சொல்லவில்லை. அறுவை சிகிச்சைக் காயத்தில் கிருமி தொற்றுவதை மருத்துவர்கள் பொதுவாக முப்பது நாள்வரை கண்காணிக்க வேண்டும் என்கிறார்கள். முன்பு அந்த முப்பதில் ஒரு வாரம் பத்து நாள் வார்டிலேயே கழிந்தது. இப்போது இருபத்தெட்டு நாள் வீட்டில். ஆஸ்பத்திரி நம் சிரமத்தைக் குறைத்தது உண்மை. கூடவே மிஸ்ஸி செய்த வேலையை நம் மகள் கையிலும் மருமகள் கையிலும் கொடுத்துவிட்டது.

இனி காணொளிக்கு வருகிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிந்திய கவனிப்பைத் திரை வழியாகச் செய்வதில் நமக்குப் பாடமாக இருப்பவை இந்தியாவின் இரண்டு அனுபவங்கள். லக்னோவில் உள்ள சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவக் கழகத்தில் தைராய்டு போன்ற சுரப்பிகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் துறை இருக்கிறது. ஒடிசாவிலிருந்து நோயாளிகள் ரயிலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து அங்கே போவார்கள். அறுத்த பிறகு மறுபடி வந்து காட்டுங்கள் என்றால் அந்த ஏழை எத்தனை தடவை ரயில் ஏறுவான்? பேராசிரியர் எஸ்.கே. மிஸ்ரா போன்றவர்களின் முயற்சியில் 2001-இல் கட்டாக் மருத்துவக் கல்லூரியோடு திரைத் தொடர்பு ஏற்படுத்தினார்கள். நோயாளி கட்டாக்குக்கு வந்தால் போதும், லக்னோ மருத்துவர் அங்கிருந்தே பேசுவார்.

இரண்டாவது நம் தமிழ்நாட்டுக் கதை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை நேயர்கள் அறிவீர்கள். அவர்கள் 2004-வாக்கில் கிராமங்களில் பார்வை மையங்கள் என்ற சிறு நிலையங்களைத் தொடங்கினார்கள். தேனி வட்டாரத்தில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பொறியாளர்கள், சாதாரண வைஃபை கருவிகளை உயர்ந்த கோபுரங்களில் ஏற்றி, போடி, சின்னமனூர் போன்ற ஊர்களைத் தேனி மருத்துவமனையோடு இணைத்துக் கொடுத்தார்கள். கம்பி இல்லை, செயற்கைக்கோள் வாடகை இல்லை. கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பாட்டி, பேருந்து ஏறி மதுரைக்கோ தேனிக்கோ போகாமல், பக்கத்து ஊர் மையத்துக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வரலாம். இன்று அப்படிப்பட்ட மையங்கள் நூற்றுக்கும் மேல்.

இந்த இரண்டு கதையிலும் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? நோயாளி தன் வீட்டில் தனியாகக் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. கட்டாக்கில் அவருக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவர் இருந்தார். சின்னமனூரில் பயிற்சி பெற்ற ஒரு பெண் பணியாளர், முறையான கருவியில் பாட்டியின் தாடையை வைத்து, கண்ணைப் பரிசோதித்து, படம் எடுத்து அனுப்பிய பிறகே டாக்டர் திரையில் பேசினார். அதாவது அவர்கள் டிரெசரை விட்டுவிடவில்லை. அவருக்கு ஒரு கேமரா கொடுத்தார்கள்.

நம் நாடும் இதில் பின்தங்கித் தொடங்கவில்லை. பல்லூடகப் பெருவழித் திட்டம் வந்தபோதே தொலைமருத்துவம் அதன் முக்கியத் திட்டங்களில் ஒன்று. 1997-இல் தொலைமருத்துவச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நோயாளியின் சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும் என்றுகூட அதில் இருந்தது. உலகில் அப்போது இப்படித் தனிச்சட்டம் இயற்றிய நாடுகள் மிகச் சில. 1999-இல் காகிதமில்லா மருத்துவமனை என்று செலாயாங் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆனால் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வரும் தேதி குறிக்கப்படாமலே கிடந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து 2020-இல் கோவிட் தொற்று வந்து, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மார்ச் 18 அன்று தொடங்கியபோதும் அது நடைமுறையில் இல்லை. மலேசிய மருத்துவ மன்றம்தான் அவசரத்துக்கு ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. இந்தியாவிலும் இதே கதைதான். அங்கே வழிகாட்டுதல் 2020 மார்ச் 25 அன்று வந்தது. கல்யாண வீட்டுக்கு வாங்கி வைத்த அண்டாவை வெள்ளம் வந்தபோது இறக்கியதுபோல் ஆயிற்று.

வெள்ளத்தில் அந்த அண்டா உதவியது என்பதை மறுக்க மாட்டேன். 2021 ஜூலையில் கிள்ளான் மருத்துவமனை நோயாளிகளால் நிரம்பி வழிந்ததை நாம் கண்ணால் கண்டோம். அந்த நேரத்தில் அறுவை சிகிச்சை முடிந்து தேறிவருகிறவர்களை வரிசையில் உட்கார வைப்பது பாவம். திரையில் பார்த்ததே சரி.

அந்த ஆண்டில்தான் என் தாயாருக்குத் தொப்புள் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மருத்துவமனை. பெயர் இங்கே தேவையில்லை, அவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, நீரிழிவு உண்டு. ஏழாம் நாள் காணொளிச் சந்திப்பு. என் மகன் கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டான். அம்மா முகத்தைத் திரும்பிக்கொண்டார். பேரன் முன்னால் வயிற்றைக் காட்ட எந்தப் பாட்டிக்கு மனம் வரும்? சேலையை விரலளவு விலக்கினார். எங்கள் வீட்டு மஞ்சள் விளக்கு. டாக்டர் மலாயில் கேட்டார், பேரன் தமிழில் சொன்னான், அம்மா "நல்லாத்தான் இருக்கு" என்றார், பேரன் மலாயில் திருப்பிச் சொன்னான். வலி எப்படி என்றதற்கு அம்மா சொன்ன "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்பதற்கு அவனிடம் மலாய்ச் சொல் இல்லை. "கொஞ்சம் வலி" என்று முடித்துக்கொண்டான். டாக்டர் படத்தைப் பார்த்தார். சிவப்பு இல்லை என்றார். சந்திப்பு முடிந்தது.

மறுநாள் காலை எதிர் வீட்டு அக்கா வந்தார். ஓய்வுபெற்ற மிஸ்ஸி. சுவரோடு சுவராகக் குடியிருந்தும் தொற்றுக்குப் பயந்து பல வாரம் வராதவர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும், காயத்தைப் பார்ப்பதற்கு முன்பே மூக்கைச் சுளித்தார். பிறகு புறங்கையால் காயத்தின் ஓரத்தைத் தொட்டார். "இது சூடா இருக்கு, கல்லு மாதிரி இருக்கு, உடனே கிளம்புங்க" என்றார். சீழ் கட்டியிருந்தது. கீறி எடுத்தார்கள். மூன்று வாரம் தினமும் கட்டு மாற்றினோம். நீரிழிவுக்காரருக்கு இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா என்பார்கள். வயிற்றுப் புண்ணுக்குக் கைத்தொலைபேசிக் கண்ணாடி போதவில்லை. அதில் மணம் வராது, சூடு வராது. இன்னொன்றையும் பிறகு மருத்துவ நண்பர் ஒருவர் விளக்கினார். தொற்றின் அடையாளமாகப் பாடப் புத்தகங்கள் சொல்லும் சிவப்பு, கறுத்த தோலில் சிவப்பாகத் தெரியாது. கருமை கூடினாற்போல, ஊதா படிந்தாற்போலத் தெரியும். மங்கல் வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. நம் அம்மாமார் பலரின் நிறம் எது என்று நேயர்களுக்குத் தெரியும். திரையில் சிவப்பு இல்லை என்பதற்கு நம் வீட்டில் அர்த்தமே வேறு.

அதற்காகக் காணொளியை ஒழித்துக்கட்டு என்று நான் சொன்னால் அது அநியாயம். கனடாவில் டொரொண்டோ மகளிர் கல்லூரி மருத்துவமனையில், மார்பகச் சீரமைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 65 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்து 2017-இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பெண்கள் கைத்தொலைபேசிச் செயலி வழியே தினமும் படமும் வலி அளவும் அனுப்பினார்கள். மறுபாதியினர் வழக்கம்போல் நேரில் வந்தார்கள். செயலிக்காரர்கள் மருத்துவமனைக்கு வந்த தடவைகள் வெகுவாகக் குறைந்தன, சிக்கல்கள் கூடவில்லை. கவனியுங்கள், தினமும் அனுப்பினார்கள். எங்களுக்கு நடந்ததோ ஏழாம் நாளில் பத்து நிமிடம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஆய்வின் முடிவு நம் வீட்டுக்கு எப்படிப் பொருந்தும்?

பண்டமாரானிலிருந்து ஆஸ்பத்திரி பக்கம்தானே, உங்களுக்கு எதற்குக் காணொளி என்று அவைத்தலைவர் தொடக்கத்தில் கேட்டார். தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்தால் அது சரி. துறைமுகத்தில் கொள்கலன் லாரி ஓட்டும் மகன், அம்மாவைக் கூட்டிப்போக ஒருநாள் விடுப்பு எடுத்தால் அன்றைய நடைக்காசு போயிற்று. காலை ஏழு மணிக்குப் போய் எண் எடுத்து, பதினொரு மணிக்கு மூன்று நிமிடம் டாக்டரைப் பார்த்து, பகல் ஒரு மணிக்கு மருந்து வாங்கி வருவது எந்த அரசு மருத்துவமனையிலும் நடப்பதுதான். அவருக்குக் காணொளி ஒரு நாள் சம்பளம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். சுகாதார அமைச்சு கடந்த சில ஆண்டுகளாகச் சுகாதார கிளினிக்குகளிலும் மெய்நிகர் சந்திப்புகளை நடத்துகிறது. அதே கிளினிக்கில் ஓர் அறையை ஒதுக்கி, நல்ல வெள்ளை விளக்குப் போட்டு, ஒரு மிஸ்ஸியை உட்கார வைக்கட்டும். நோயாளி நடந்தோ மோட்டார் சைக்கிளிலோ அங்கே வரட்டும். மிஸ்ஸி கட்டைப் பிரித்து, தொட்டு, முகர்ந்து பார்த்து, பெரிய மருத்துவமனையின் டாக்டருக்குத் திரையில் சொல்லட்டும். முதல் சந்திப்பு இப்படி. காயம் ஆறுகிறது என்று தெரிந்த பிறகு மற்ற சந்திப்புகள் வீட்டிலிருந்தே நடக்கட்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு விதிவிலக்கு. தமிழ் மட்டும் தெரிந்த பாட்டிக்குப் பேரனைத் தவிர ஒரு மொழிபெயர்ப்பாளர். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், கோபுரம் வேண்டாம். போடியில் இதைவிடக் குறைந்த வசதியில் செய்தார்கள்.

அவைத்தலைவர் மணியை அடித்துவிட்டார். ஒரே ஒரு செய்தி. அம்மாவுக்குக் காயம் ஆறிய பிறகு கடைசிச் சந்திப்பும் காணொளியில்தான் நடந்தது. இந்த முறை அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், பேரன் கூடத்துக்கு அனுப்பப்பட்டான். அம்மா இஸ்திரி போட்ட சேலை கட்டி, பொட்டு வைத்து, கால் மணி நேரம் முன்னதாகவே திரையின் முன்னால் அமர்ந்துவிட்டார். டாக்டர் வந்ததும் அக்காவை முந்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த மலாயில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "டாக்டர், சாப்பிட்டாச்சா?" என்பதுதான். அவர் இன்னும் இல்லை என்றார். அப்போது மணி மூன்றரை.